வேதாகமத்தை வெட்டியவர்கள்

“இயேசு நல்ல மனுஷன்டா. மலைப்பிரசங்கம் ஒண்ணு போதும். தண்ணி மேல நடந்தாரு, செத்து எழுந்தாருன்னு சொல்லி ஏன் அதக் கெடுக்கறீங்க?”

கல்லூரிக் காலத்திலிருந்து என் நண்பன் ஒருவன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பெரியாரையும் ரஸ்ஸலையும் கரைத்துக் குடித்தவன். எனக்குத் தெரிந்த இலக்கிய வாசகர்களில் பாதிப் பேருக்கும் ஏறக்குறைய இதே கருத்துதான். டால்ஸ்டாய் வழியாகவோ காந்தி வழியாகவோ இயேசுவிடம் வந்து சேர்ந்தவர்கள். தஸ்தயேவ்ஸ்கியின் பெரும் விசாரணையாளர் அத்தியாயத்தில் வரும் இயேசு இவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். விசாரணையாளருக்கு அவர் ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்வதில்லை, அது வசதி.

எதிர்ப்பக்கத்தில் என் சொந்தக்காரர்கள். நோவாவின் பேழை அரராத் மலையில் கிடைத்துவிட்டது, யோசுவா சூரியனை நிறுத்திய நாளை நாசா கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது என்று குடும்ப வாட்ஸப் குழுவில் வாரம் ஒன்று வரும். நாசா கதை பல பத்தாண்டுகளாகச் சுற்றுகிற பொய். அதைச் சொன்னால், “தம்பிக்கு விசுவாசம் குறைஞ்சுபோச்சு” என்பார்கள்.

என் சண்டை இரண்டு பேரோடும்தான். நான் விசுவாசி. உயிர்த்தெழுதலை நம்புகிறேன். அதை இங்கே நிரூபிக்கப் போவதில்லை, நிரூபிக்கத் தெரியாது. நான் கேட்பது வேறு. என் நண்பனும் என் சித்தப்பாவும் சேர்ந்து வேதாகமத்தைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். ஒருவன் பாதிக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்து நல்லவர் என்று அனுப்பிவைக்கிறான். இன்னொருவர் பொய்ச் சாட்சி தயார்செய்து காப்பாற்றப் பார்க்கிறார். நீதிபதி நாற்காலியில் உட்கார வேண்டியது நாம்தான் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. வெளிப்பாடு என்று கிறிஸ்தவம் சொல்வது நேர் எதிரான ஒன்றை. மனிதன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியாத ஒன்று வெளியிலிருந்து அவனிடம் சொல்லப்பட்டது, அதன் முன்னால் நிற்க வேண்டியவன் அவன் என்பது அதன் உரிமைகோரல். இது அபத்தமாக இருக்கலாம். ஆனால் இதை எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள், எடுத்தவர்களின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தாமஸ் ஜெஃபர்சனிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், இரண்டு முறை அதிபராக இருந்தவர். 1820 வாக்கில், எழுபத்தேழு வயதை நெருங்கும்போது, மான்டிசெல்லோ வீட்டில் கத்தியும் பசையுமாக உட்கார்ந்து ஒரு வேலையை முடித்தார். கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என நான்கு மொழிப் புதிய ஏற்பாடுகளிலிருந்து இயேசுவின் போதனைகளை வெட்டியெடுத்துப் பத்தி பத்தியாக ஒட்டினார். ‘நாசரேத்தூர் இயேசுவின் வாழ்வும் அறநெறிகளும்’ என்று பெயர். 84 பக்கம். அற்புதங்கள் இல்லை. கல்லறை வாசலில் கல்லைப் புரட்டி வைத்துவிட்டு ஆட்கள் கலைவதோடு புத்தகம் முடிகிறது. அதற்குமேல் வெட்ட எதுவும் பாக்கியில்லை.

வேலை கஷ்டமாக இல்லை என்று அதற்கு முன்பே, 1813இல், ஜான் ஆடம்ஸுக்கு எழுதியிருக்கிறார். எது இயேசுவின் சொல், எது சீடர்கள் சேர்த்த சரக்கு என்பது குப்பையில் கிடக்கும் வைரம் மாதிரி பார்த்தவுடன் தெரிந்துவிடுமாம். எந்தத் தயக்கமும் இல்லை. இவ்வளவு சுலபமாக ஒரு புத்தகம் நமக்கு இணங்குகிறது என்றால் எனக்குச் சந்தேகம் வரும். அவருக்கு வரவில்லை.

அந்த வீட்டையும் அதைச் சுற்றியிருந்த தோட்டத்தையும் நடத்தியவர்கள் அடிமைகள். வாழ்நாளில் ஜெஃபர்சன் உடைமையாக வைத்திருந்த மனிதர்கள் 600க்கும் மேல். அடிமைமுறை தவறு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கடவுள் நீதியுள்ளவர் என்று நினைக்கும்போது தன் நாட்டுக்காக நடுங்குவதாக அவரே எழுதியிருக்கிறார். மலைப்பிரசங்கத்தைப் பத்திரமாக ஒட்டிவைத்திருந்தார். மற்றவர் தனக்கு என்ன செய்ய வேண்டுமோ அதையே மற்றவருக்குச் செய் என்ற விதி அதில்தான் இருக்கிறது. 1826இல் இறந்தார், கடன் ஏராளம். 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. விற்பனைக்கு என்று விளம்பரம் செய்யப்பட்டவர்கள் 130 பேர்.

“அது அந்தக் காலம், எல்லாரும் அப்படித்தான்” என்பான் நண்பன். சரி. அதையேதான் நானும் சொல்கிறேன். அறநெறி முழுக்கக் கையில் இருந்தது, பகுத்தறிவும் இருந்தது, குற்றவுணர்ச்சிகூட இருந்தது. அவர் வெட்டி எறிந்த ஒன்றுதான் இல்லை: அந்தப் பக்கங்களிலிருந்து எழுந்து வந்து அவரைக் கணக்குக் கேட்கக்கூடிய ஓர் ஆள். செத்துக் கல்லறையில் கிடக்கிற ஆசானை மதிக்கலாம், மேற்கோள் காட்டலாம். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அதே 1820இல் கல்கத்தாவிலும் ஒரு புத்தகம் வந்தது. ராம்மோகன் ராயின் ‘இயேசுவின் கற்பனைகள்’. அவரும் சுவிசேஷங்களிலிருந்து போதனைகளை மட்டும் எடுத்தார். காரணம் வேறு. அற்புதக் கதைகளுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை, இதைவிடப் பெரிய அற்புதங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவை பெரிதாகத் தோன்றாது, கோட்பாடுகளோ சண்டையைத்தான் வளர்க்கும் என்றார். செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன் சீறினார். ராய் கிரேக்கமும் எபிரேயமும் படித்துக்கொண்டு மூன்று மறுப்புகள் எழுதினார். மூன்றாவதை அச்சிட பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மறுத்ததால் தனக்கென ஓர் அச்சகமே ஏற்பாடு செய்துகொண்டார். வாதத்தில் ராய்தான் எனக்குப் பிடிக்கிறது. ஆள்பவனின் மதப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்ட ஒரு குடிமகனின் மிடுக்கு அதில் இருக்கிறது. சதிக்கு எதிராக அவர் செய்ததையும் சிறுமைப்படுத்த முடியாது. ஆனாலும் 1833இல் பிரிஸ்டலில் அவர் இறந்தபோது உடலில் பூணூல் இருந்தது. போதனைகள் அதைத் தொடவில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டு என் சித்தப்பா சந்தோஷப்பட வேண்டாம். ஜெஃபர்சனுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பு, 1807இல், லண்டனில் வேறொரு வேதாகமம் அச்சானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் நீக்ரோ அடிமைகளுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகள் என்று அதன் முகப்பே சொல்கிறது. தயாரித்தவர்கள் பகுத்தறிவுவாதிகள் இல்லை. அடிமைகளை மதம் மாற்றுவதற்கான சங்கத்தைச் சேர்ந்த பக்திமான்கள், கன்னிப்பிறப்பையும் உயிர்த்தெழுதலையும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் நம்பியவர்கள். புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள் உண்டு. இதில் இருப்பவை 232.

எதை எடுத்தார்கள் என்று பார்த்தால் புரிந்துவிடும். எகிப்திலிருந்து இஸ்ரவேலர் வெளியேறிய கதை இல்லை. மனிதனைத் திருடி விற்கிறவனுக்கு மரண தண்டனை என்ற சட்டம் இல்லை. கூலி கொடுக்காமல் வேலை வாங்கி வீடு கட்டுகிறவனை எரேமியா சபிக்கும் இடம் இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படி என்று எபேசியருக்கு எழுதியது இருக்கிறது. யோசேப்பு நல்ல அடிமையாக நடந்துகொண்ட கதை இருக்கிறது.

எனக்கு இந்தப் புத்தகத்தின் மேல் ஒரு வினோதமான மரியாதை உண்டு. வேதாகமத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட வாசகர்கள் குறைவு. எந்த வரி ஆபத்தானது என்று அவர்களுக்கு அத்துப்படி.

வெட்டாத வேதாகமம் அடிமைகளின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதைதான். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் டென்மார்க் வேசி என்று ஒரு தச்சர். 1799இல் லாட்டரியில் 1500 டாலர் விழுந்தது. அதில் 600 டாலரைக் கொடுத்துத் தன்னைத்தானே விலைக்கு வாங்கிக்கொண்டார். கறுப்பின மக்களின் ஆப்பிரிக்கத் திருச்சபையோடு சேர்ந்தவர். கிளர்ச்சிக்குச் சதி செய்ததாக 1822இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவரோடு சேர்த்து மொத்தம் 35 பேர். அந்த ஆலயத்தையும் இடித்தார்கள். வழக்கில் அவர்மேல் சொல்லப்பட்டவற்றில் ஒன்று, இஸ்ரவேலர் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய பகுதியை வாசித்துக் காட்டினார் என்பது. வேதாகமம் வாசித்ததே குற்றத்துக்குச் சாட்சியான வழக்கு அது.

இங்கே லெஸ்ஸிங் குறுக்கே வருவார், வரட்டும். 1777இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் அவர் எழுப்பிய மறுப்புக்கு இன்றுவரை யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. எப்போதோ ஒருமுறை நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவத்தை வைத்து எக்காலத்துக்கும் பொருந்தும் உண்மையை நிறுவ முடியாது என்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஓர் அசிங்கமான, அகலமான பள்ளம் இருக்கிறது, தாண்ட எவ்வளவோ முயன்றும் தன்னால் முடியவில்லை என்று வருத்தத்தோடு சொல்கிறார். கேலி இல்லை அதில். நானும் அந்தப் பள்ளத்தைத் தாண்டியவன் இல்லை. விளிம்பில் நின்றுகொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறேன்.

ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. எக்காலத்துக்கும் பொருந்தும் உண்மைதான் வேண்டும் என்று யார் சொன்னது? ஜெர்மானிய நூலகர் ஒருவருக்கு அது வேண்டியிருந்தது. சார்ல்ஸ்டன் அடிமைக்கு வேண்டியது வேறு. எங்கேயோ ஒரு தடவை, ஒரு கூட்டம் வெளியே வந்தது, அவர்களை வெளியே கொண்டுவந்தவர் இன்னும் இருக்கிறார் என்ற செய்தி. மனிதர் அனைவரும் சமம் என்பது உண்மைதான். அதை எழுதியவர் 130 பேரை ஏலத்துக்கு விட்டுச் செத்தார்.

யாத்திராகமம் சொல்லும் அளவில் அப்படி ஒரு வெளியேற்றம் நடந்ததற்கு எகிப்தில் தொல்லியல் சான்று இல்லையே என்று கேட்கலாம். இல்லைதான். அங்கே என் வாதம் நொண்டுகிறது, மறைக்கப் போவதில்லை.

இன்னும் சங்கடமான ஓர் ஆள் இருக்கிறார். நாட் டர்னர். வர்ஜீனியாவில் அடிமையாக இருந்தவர், வேதத்தில் ஊறியவர், தரிசனங்கள் கண்டதாகச் சொன்னவர். 1831 ஆகஸ்டில் அவர் தலைமையில் எழுந்த கூட்டம் சுமார் 55 வெள்ளையர்களைக் கொன்றது. அதில் குழந்தைகளும் இருந்தார்கள். வெளிப்பாடு என்று பேசுகிற எவனும் டர்னரைத் தன் கணக்கில் எழுதியாக வேண்டும். அவர் கேட்டது மனக்கோளாறு, வேசி வாசித்தது வெளிப்பாடு என்று பிரித்துக் கொடுக்கிற சுலபமான வழி என்னிடம் இல்லை. பகுத்தறிவு தேவைப்படுவது இங்கேதான். கேட்டதைச் சோதிக்க, பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லிப் பார்க்க, குழந்தையின் மேல் ஓங்கிய கையைப் பிடிக்க. எரேமியா காலத்திலேயே உண்மைத் தீர்க்கதரிசி எவன், பொய்த் தீர்க்கதரிசி எவன் என்று அடித்துக்கொண்டவர்கள்தான். சோதிக்காத விசுவாசத்தை வேதமே நம்பவில்லை. ஆனால் கேட்டதைச் சோதிப்பது ஒன்று, எதையும் கேட்க வேண்டியிராதபடி முன்கூட்டியே கத்தரித்து வைத்துக்கொள்வது இன்னொன்று. நண்பன் முதலாவதைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு இரண்டாவதைச் செய்கிறான்.

அறநெறி மட்டும் போதும் என்ற மதம் நெருக்கடியில் எப்படி நிற்கும் என்பதற்கு ஜெர்மனி பெரிய உதாரணம். பெர்லின் பல்கலைக்கழகத்தில் 1899–1900 குளிர்காலத்தில் அடால்ஃப் ஹார்நாக் ஆற்றிய உரைகள் புத்தகமாகி உலகமெல்லாம் போயின. கிறிஸ்தவத்தின் சாரம் என்ன? கடவுள் தந்தை, மனித ஆன்மா விலைமதிப்பற்றது, அன்பே பெரிய கட்டளை. படித்த யாருக்கும் கூச்சம் தராத கிறிஸ்தவம். 1914 அக்டோபரில் 93 ஜெர்மன் அறிவாளிகள் தங்கள் நாட்டின் போரை நியாயப்படுத்தி ஓர் அறிக்கை விட்டார்கள். ஹார்நாக்கின் கையெழுத்து அதில் இருந்தது. வில்ஹெல்ம் ஹெர்மனின் கையெழுத்தும் இருந்தது. இருவரிடமும் படித்த கார்ல் பார்த், சுவிட்சர்லாந்தின் சாஃபன்வில் கிராமத்தில் போதகராக இருந்துகொண்டு அந்தப் பெயர்களைப் பார்த்தார். இவர்கள் கற்றுக்கொடுத்த எதையும் இனி நம்பி வாங்கிக்கொள்ள முடியாது என்று அவருக்குத் தோன்றியது. சில ஆண்டுகளில் ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய உரை வந்தது. கடவுள் என்று சொல்வது மனிதனைப் பற்றிக் கொஞ்சம் உரத்த குரலில் பேசுவது இல்லை என்பதுதான் பார்த் வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்ட ஒரே விஷயம் என்று சுருக்கிச் சொல்லலாம்.

ஹார்நாக் நாஜி அல்லர், 1930இலேயே இறந்துவிட்டார். ஆனால் பழைய ஏற்பாட்டை இனியும் வேதமாக வைத்துக்கொள்வது திருச்சபையின் முடக்குவாதம் என்று மார்சியனைப் பற்றிய தன் புத்தகத்தில் எழுதியிருந்தார். அவர் நினைத்திராத ஆட்கள் அந்தக் கதவின் வழியே வந்தார்கள். ஜெர்மன் திருச்சபை வாழ்விலிருந்து யூதத் தாக்கத்தை அகற்ற ஒரு நிறுவனம் 1939இல் ஐசனாக்கில் தொடங்கப்பட்டது. லூத்தர் ஒளிந்திருந்து புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த வார்ட்பர்க் கோட்டையில்தான் தொடக்க விழா. 1940இல் அவர்கள் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் இயேசுவின் யூதத் தடயங்கள் முடிந்த அளவு துடைக்கப்பட்டிருந்தன. அறிவுத்துறைத் தலைவர் வால்டர் கிரண்ட்மன், முறையாகப் படித்த பேராசிரியர். போர் முடிந்த பிறகும் கிழக்கு ஜெர்மனியில் உட்கார்ந்து சுவிசேஷங்களுக்கு உரை எழுதிக்கொண்டிருந்தார். என்னத்தைச் சொல்ல.

நம் ஊரில் கத்தி தேவைப்படவில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். மெட்ராஸுக்கு அப்போது தனிப் பேராயர் கிடையாது. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். எதற்கு? ஒரே பாயில் உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து குடிக்க வேண்டும் என்பதற்கு. இன்றும் நாம் உருகிப் பாடுகிற பாடல்களை எழுதிய வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கங்களை ஆதரித்து நின்றவர். இவர்கள் யாரும் ஒரு வரியையும் வெட்டவில்லை. முழு வேதாகமம், முழு விசுவாசம், செங்கடல் பிளந்ததில் துளி சந்தேகம் கிடையாது. பிறகு திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் தலித் பிணங்களைப் பிரித்து நின்ற சுவர். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் கட்டிய சுவர்! கடைசி நாளில் எல்லோரும் எழும்பும்போது அந்தச் சுவரை வைத்து என்ன செய்வதாக உத்தேசம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பெரியார் கேட்டதெல்லாம் சரியாகத்தான் கேட்டார்.

மனிதன் தன் ஆசைகளையே பெரிதாக்கிக் கடவுள் என்கிறான் என்று ஃபாயர்பாக் 1841இல் எழுதினார். விசுவாசிகள் அவரைத் திட்டுவார்கள். பார்த் திட்டவில்லை, மதித்தார். நானும் அவரை வைத்துத்தான் என்னைச் சோதித்துக்கொள்கிறேன். என் கடவுள் எனக்குப் பிடிக்காத ஒன்றைக் கடைசியாக எப்போது சொன்னார்? எப்போதுமே சொன்னதில்லை என்றால், ஃபாயர்பாக் சொன்னது என் விஷயத்தில் சரி. இதே கேள்வியை என் நண்பனின் ‘நல்ல மனுஷன்’ இயேசுவிடமும் கேட்கலாம். அந்த இயேசு அவனோடு ஒருமுறையாவது சண்டை போட்டிருக்கிறாரா?

இதை அவனிடம் ஜம்பமாகக் கேட்டுமிருக்கிறேன். அவன் சிரித்தான். ஏன் சிரித்தான் என்பதை எழுதாமல் விட்டால் நானும் வெட்டி ஒட்டியவன் ஆவேன்.

சில வருடங்களுக்கு முன் என் தங்கை ஒருவரை விரும்பினாள். எங்கள் சபைதான், எங்கள் சாதி இல்லை. அப்பா சபைக் கமிட்டியில் இருந்தவர். கலாத்தியர் பாடம் வருகிற ஞாயிறு அவர்தான் வாசிப்பார், நல்ல குரல். முடியாது என்றுவிட்டார். போதகர், “பெத்தவங்க சம்மதத்தோட வாங்கம்மா” என்றார். அவர்கள் பதிவுத் திருமணத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். முப்பது நாள் நோட்டீஸ், மூன்று சாட்சிகள். “அண்ணா, நீ வந்து கையெழுத்துப் போடு” என்று போனில் கேட்டாள். நான் போகவில்லை. நல்ல காரணங்கள் இருந்தன. அப்பாவுக்கு அப்போதுதான் ஸ்டென்ட் வைத்திருந்தது. யாராவது ஒருவர் வீட்டோடு பேச்சுவார்த்தையில் இருந்தால்தானே பிறகு சமாதானம் செய்ய முடியும். எல்லாமே யோசித்து எடுத்த முடிவு.

மூன்றாவது சாட்சியாக அந்த நண்பன் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். வீட்டு வாசல்வரை வந்தும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். போன வாரம் என்னிடம் இரவல் வாங்கியதாம்.